பாதியில் நின்ற பதில்

கதவுக் கைப்பிடியில் நீலத் துண்டு தொங்கினால் அந்த வீட்டில் யாரும் உரக்கத் தும்மக்கூட மாட்டார்கள். உள்ளே அவள் வேலையில் இருக்கிறாள் என்று பொருள். வேண்டாத சாமான்களைப் போட்டுவைத்திருந்த சின்ன அறை அது. ஜன்னல் கிடையாது. குரல் எதிரொலிக்காமல் இருக்கச் சுவரெல்லாம் பழைய போர்வைகளை ஆணியடித்து மாட்டியிருந்தாள். ஒரு மேசை, ஒரு நாற்காலி, கம்பெனி கொடுத்த லேப்டாப், காதில் ஹெட்போன். அதுதான் அவளுடைய அலுவலகம்.

எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில், டாக்டரின் மொழி தெரியாத தமிழர் ஒருவர் படுத்திருப்பார். நர்ஸ் சக்கரம் வைத்த ஒரு திரையை உருட்டிக்கொண்டு வந்து கட்டில் பக்கத்தில் நிறுத்துவார். அந்தத் திரையில் அவள் முகம் தெரியும். இவர் சொல்வதை அவருக்கும் அவர் சொல்வதை இவருக்கும் மொழிபெயர்த்துச் சொல்வது அவள் வேலை. எந்த ஆஸ்பத்திரி, நோயாளியின் பெயர் என்ன என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் கூடாது. கம்பெனியின் கண்டிப்பான விதி அது.

இன்னொரு விதியும் உண்டு. நோயாளி "எனக்கு வலிக்குது" என்றால், "அவருக்கு வலிக்கிறதாம்" என்று சொல்லக் கூடாது. "எனக்கு வலிக்கிறது" என்றே சொல்ல வேண்டும். அப்படியாக, காலையில் அவளுக்கு நெஞ்சடைக்கும். கொஞ்ச நேரம் கழித்துப் பிரசவ வலி வரும். மதியத்துக்குள் கால் உடைந்துவிடும்.

"இத்தனை வியாதியோட நீ ஒருத்தி எப்படிம்மா நடமாடுற?" என்று அவளுடைய அண்ணி கேலி செய்வார். கணவனின் அக்கா, அவர்களோடுதான் இருக்கிறார்.

துண்டு தொங்கும் நேரத்தில் வீட்டில் வேறு யாரும் வைஃபையைத் தொடக் கூடாது என்பது அவர்களே வைத்துக்கொண்ட ஏற்பாடு. அண்ணி தன் சீரியலைப் பாதியில் நிறுத்திப் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார். அதற்கு 'ஊரடங்கு' என்று பெயரும் வைத்திருந்தார். கணவனுக்கு ஒரு பெரிய கிடங்கின் காவல் அறையில் வேலை. நாள் முழுக்கக் கேமராத் திரைகளைப் பார்த்துக்கொண்டிருப்பவன். வீட்டு வைஃபையையும் அவன் சும்மா விடவில்லை. யார் யார் அதில் இருக்கிறார்கள் என்று போனிலேயே பார்க்கும்படி ஒரு செயலியைப் போட்டுவைத்திருந்தான்.

அன்று மதியம் திரையில் வந்தது ஒரு நடுத்தர வயதுப் பெண். முகம் வெளுத்து, உதடு காய்ந்திருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருக்களித்துப் படுத்திருந்தார். பக்கத்தில் சொந்தக்காரர் யாரும் இல்லை. மகன் வேலையிடத்திலிருந்து வந்துகொண்டிருக்கிறானாம். குடல்வால் வீங்கி வெடிக்கும் நிலையில் இருக்கிறது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நர்ஸ் கேள்விகளை வேகமாகக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"மருந்து, சாப்பாடு, எதுவாவது உங்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனது உண்டா?"

அவள் தமிழில் கேட்டாள். அந்த அம்மா வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. நான் எல்லாம் சாப்பிடுவேன்" என்றார்.

"அப்படி எதுவும் இல்லை. நான் எல்லாம் சாப்பிடுவேன்" என்று அவள் நர்ஸின் மொழியில் சொன்னாள். நர்ஸ் தலையசைத்துக் குறித்துக்கொண்டார்.

"நல்லது. ஆபரேஷனுக்கு முன்னால், கிருமி பரவாமல் இருக்க ஓர் ஊசி போடுவோம்."

அவள் அதைச் சொன்னதும் அந்த அம்மா கண்ணைத் திறந்தார். "ஊசியா? அய்யோ, இரும்மா. முன்னாடி பல்லு பிடுங்கினப்போ இப்படித்தான் ஏதோ கிருமிக்குன்னு ஒரு ஊசி போட்டாங்க. போட்ட உடனே மூஞ்சியெல்லாம் வீங்கி, தொண்டை அடைச்சு, மூச்சு..."

அந்த அம்மாவின் கை கழுத்தை நோக்கிப் பாதி தூரம் வந்திருந்தது. வாய் திறந்திருந்தது. அப்படியே நின்றுவிட்டது. நர்ஸும் தட்டின் பக்கம் பாதி திரும்பியபடி நின்றார். படம் உறைந்து, நடுவில் ஒரு சின்ன வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

"அம்மா? ஹலோ? நர்ஸ், கேட்கிறதா?"

ஹெட்போனில் அவள் மூச்சுதான் அவளுக்குக் கேட்டது.

இணைப்பு அவ்வப்போது இடறுவது வழக்கம்தான் என்று முதலில் நினைத்தாள். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு படமும் மறைந்து, திரையின் மூலையில் வைஃபை குறியின்மேல் ஒரு பெருக்கல் குறி விழுந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்த அறையில் நர்ஸுக்குப் புரியும் மொழியில் கடைசியாக ஒலித்தது அவளுடைய குரல். ஒத்துக்கொள்ளாத மருந்து எதுவும் இல்லை என்று சொன்ன குரல். அதற்குப் பிறகு அந்த அம்மா சொன்னது நர்ஸுக்கு வெறும் சத்தம். வலியில் புலம்புகிறார் என்று நினைத்துக்கொள்வார். கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டாகிவிட்டது. ஊசி தட்டில் இருக்கிறது.

வைஃபையை அணைத்துப் போட்டாள். வீட்டு இணைப்பின் பெயர் பட்டியலில் முதலில் இருந்தது, அழுத்தினாள். 'இந்த நெட்வொர்க்கில் இணைய முடியவில்லை.' ஏரோப்ளேன் மோடைப் போட்டு எடுத்தாள். 'இணைய முடியவில்லை.' கதவைத் திறந்து ஓடினாள்.

"அண்ணி! நெட் இருக்கா பாருங்க!"

அண்ணி பதறி எழுந்து, கவிழ்த்து வைத்திருந்த போனை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினார். "நான் தொடவே இல்லம்மா, சத்தியமா! ஊரடங்குல நான் ஏன் தொடப்போறேன்?"

"ஐயோ, உங்களைச் சொல்லல அண்ணி. உங்க போன்ல நெட் வருதான்னு பாருங்க."

அண்ணி தொட்டார். சீரியலின் அழுகை வீட்டை நிறைத்தது. "ஜம்முன்னு வருதே!"

அப்படியானால் வீட்டு இணைப்பில் கோளாறில்லை. லேப்டாப்பில்தான் ஏதோ. இதைப் புரிந்துகொண்டதில் அவளுக்கு நிம்மதி வரவில்லை. கம்பெனியின் வேலை அந்த லேப்டாப்பில் மட்டும்தான் நடக்கும். போனில் நடக்காது. நோயாளிகளின் ரகசியம் காக்க அப்படி ஏற்பாடு. அவள் போனின் டேட்டாவை லேப்டாப்புக்குக் கொடுக்கலாம் என்றால், வீட்டிலேயே இருப்பவளுக்கு எதற்கு என்று அவள் டேட்டாவே போட்டுக்கொள்வதில்லை. அண்ணியும் அப்படித்தான்.

போனில் கம்பெனியின் உதவி எண்ணை அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது' என்று ஒரு குரல் சொல்லிவிட்டு, சங்கீதத்தைப் போட்டுவிட்டுப் போய்விட்டது.

"ஏம்மா, முகம் ஏன் இப்படி இருக்கு? யாராவது திட்டினாங்களா?"

"அண்ணி, ஒரு அம்மாவுக்கு..." என்று ஆரம்பித்தவள் வாயை மூடிக்கொண்டாள். சொல்லக் கூடாது. "ஒரு உயிர் அண்ணி. நான் உடனே திரும்பிப் போகணும்."

அண்ணி அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சீரியலை மூடினார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் பின்னால் அந்தச் சின்ன அறைக்குள் வந்து நின்றார்.

வீட்டு இணைப்பை லேப்டாப்பின் நினைவிலிருந்தே நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்த்துப் பார்த்தாள். பாஸ்வேர்டு கேட்டது. அண்ணிக்கு அது மனப்பாடம். ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். அவள் அவசரத்தில் ஒரு தடவை தப்பாக அடித்துவிட்டாள். அழித்து மறுபடி அடித்தாள். வட்டம் சுற்றியது. 'இணைய முடியவில்லை.'

கண்ணை மூடினால் பாதியில் நின்ற அந்தக் கை தெரிந்தது. இப்போது ஊசியை எடுத்திருப்பார்களா? மருந்து உள்ளே போன பிறகு எவ்வளவு நேரம் ஆகும்? தொண்டை அடைக்கும்போது அந்த அம்மா யாரைப் பார்ப்பார்? திரையைத்தான் பார்ப்பார். அதில் தெரிந்த ஒரே தமிழ் முகம் அவளுடையது.

"கடவுளே, அந்த நர்ஸ் கையைக் கொஞ்சம் பிடிச்சுக்கோ" என்றாள், வாய்விட்டே.

"ரௌட்டரைப் பிடுங்கிச் செருகட்டுமா? தம்பி எப்பவும் அதைத்தான் செய்வான்" என்ற அண்ணி பதிலுக்குக் காத்திராமல் கூடத்துக்கு ஓடி, பிளக்கைப் பிடுங்கி, மறுபடி செருகினார். விளக்குகள் எல்லாம் அணைந்து, ஒன்று மட்டும் சிவப்பாக எரிந்தது. "இது பச்சை ஆக நேரம் பிடிக்கும். அதுக்குள்ள அவனைக் கேக்கறேன்."

தம்பி உடனே போனை எடுத்தான். குரலில் உற்சாகம். அண்ணி ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, நானே கூப்பிடணும்னு இருந்தேன். திருடனைப் பிடிச்சுட்டேன்!"

"என்னடா திருடன்? இங்க உன் பெண்டாட்டி நெட் போச்சுன்னு அழுதுக்கிட்டிருக்கா."

"போகாது, இனிமேதான் நல்லா வரும். எவனோ நம்ம லைன்ல ஒட்டிக்கிட்டிருந்தான்க்கா. பேரே இல்ல, வெறும் எழுத்தும் எண்ணுமா இருக்கு. துண்டு தொங்குற நேரத்துல இவ்வளவு இழுக்கறானே, இவளுக்கு என்ன கஷ்டமோன்னு, ஒரே அமுக்கு. ஆளை வெளிய தள்ளிக் கதவைச் சாத்திட்டேன்."

அவள் போனின் பக்கம் குனிந்தாள்.

"என்னங்க... அது நான்தாங்க."

"என்ன?"

"நேத்து கம்பெனிக்காரங்க லேப்டாப்புல ஏதோ மாத்தினாங்க. இனிமே வெளிய அது தன்னோட பேரைக் காட்டாது, தினம் ஒரு புது நம்பரைத்தான் காட்டும்னு சொன்னாங்க. பாதுகாப்புக்காம். நீங்க சாத்தினது என்னைத்தான்."

"அய்யய்யோ" என்றான், மிகவும் மெல்ல. "இரு, இரு, இப்பவே எடுத்துவிடறேன்... ரௌட்டர் கிடைக்கலைன்னு வருதே! ஏன் கிடைக்கல?"

அண்ணி தன் தலையில் கை வைத்துக்கொண்டார். "நான் பிடுங்கிட்டேன்டா பாவி."

சிவப்பு விளக்கு ஆரஞ்சாக மாறிக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. இனியும் அங்கே நிற்க அவளால் முடியவில்லை. லேப்டாப்பையும் ஹெட்போனையும் மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

எதிர்வீட்டில் இருந்தவர் படங்களுக்குச் சட்டம் போடுகிறவர். வீட்டிலேயே பட்டறை. பகலெல்லாம் சுத்தியல் சத்தம். அண்ணி அவருக்கு 'டொக்கு' என்று பெயர் வைத்திருந்தார். போன மாதம் ஒருநாள், முக்கியமான அழைப்பின் நடுவே சத்தம் பொறுக்காமல், அவள் அந்த வாசலில் நின்று என்னென்னவோ பேசிவிட்டாள். அவர் பதில் பேசவில்லை. அன்றிலிருந்து படியில் எதிர்ப்பட்டாலும் இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள்.

அந்தக் கதவைத்தான் அவள் இப்போது உள்ளங்கையால் அறைந்தாள்.

அவர் திறந்தார். உதடுகளுக்கிடையே சின்ன ஆணிகளைக் கவ்விக்கொண்டிருந்தார். கையில் சுத்தியல்.

"உங்க நெட் வேணும். ஏன்னு கேக்காதீங்க. சொல்ல முடியாது. உயிர் விஷயம்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். ஆணிகளை உள்ளங்கையில் துப்பி, "உள்ள வாங்க" என்றார்.

மேசைமேல் கண்ணாடித் துண்டுகளும் மரச் சட்டங்களும் கிடந்தன. ஒரு பெரிய சட்டம் பசை காயாமல் இருந்தது. அவர் எல்லாவற்றையும் முழங்கையால் ஓரம் தள்ளினார். பசை காயாத சட்டத்தின் மூலை கழன்றது. அதை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தன் ரௌட்டரைத் தூக்கித் தலைகீழாகப் பிடித்து, அடியில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தார். அவள் அடித்தாள். தவறு என்றது.

"இருங்க. அது பூஜ்யம் இல்ல போலிருக்கு, ஓ. பெரிய ஓ."

பெருக்கல் குறி மறைந்தது. வைஃபை குறியின் வளைவுக் கோடுகள் ஒவ்வொன்றாக ஒளிர்ந்தன.

"நான் வெளிய நிக்கறேன். நீங்க பேசுங்க" என்று அவர் தன் வீட்டைவிட்டுத் தானே வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அறுந்த அழைப்புக்குத் திரும்பிப் போக ஒரே வழிதான் உண்டு. அந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் திரையை மூடாமல் விட்டிருக்க வேண்டும். மூடியிருந்தால் முடிந்தது. எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்று அவளுக்கு ஆயுசுக்கும் தெரியாது. அவள் பொத்தானை அழுத்தினாள். வட்டம் சுற்றியது. அந்த வட்டத்தின் உள்ளே தன் உயிரே சுற்றுவதுபோல் இருந்தது.

படம் வந்தது. ஒரு வெள்ளைச் சுவர். ஒரு பச்சைத் திரைச்சீலையின் ஓரம். வேறெதுவும் இல்லை.

திரையைத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். எங்கோ நடைவழியில் சுவரைப் பார்த்து நிறுத்தியிருக்கிறார்கள். தூரத்தில் கருவிகளின் பீப் சத்தம் கேட்டது.

"நர்ஸ்! யாராவது இருக்கிறீர்களா? தயவுசெய்து!" அவர்கள் மொழியில் கத்தினாள். பதில் இல்லை. விதியை மறந்து தமிழிலும் கத்தினாள். "அம்மா! அம்மா, அந்த ஊசியைப் போடவிடாதீங்க! கையை இழுத்துக்கோங்க!"

காலடிச் சத்தம் ஒன்று நெருங்கி, தாண்டிப்போனது. நின்றது. திரும்பி வந்தது.

திரையில் ஓர் ஆளின் முகம் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தது. தலையில் வலைத்தொப்பி, கையில் துடைப்பான். தரை துடைக்கிறவர். சுவரோடு பேசும் ஒரு பெண்ணை அவர் இதற்கு முன் பார்த்திருக்கமாட்டார்.

"என்னம்மா?" என்றார் அந்த ஊர் மொழியில்.

"ஐயா, என்னை அந்த வயிற்றுவலி அம்மாவிடம் கொண்டுபோங்கள். ஆபரேஷனுக்குப் போகிறவர். உடனே!"

அவர் யாரிடமாவது கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். இது என் வேலையில்லை என்றும் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் யாரும் குற்றம் சொல்லவும் மாட்டார்கள். அவர் துடைப்பானைச் சுவரில் சாய்த்துவிட்டு, திரையின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தார். சுவர் நகர்ந்தது. கூரை விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. சக்கரம் கிறீச்சிட்டது. ஒரு திரைச்சீலை விலகியது.

கட்டில். அந்த அம்மா. கண்கள் விரிந்து, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தார். நர்ஸ் ஒரு கையால் அவர் தோளைத் தட்டிச் சமாதானம் செய்தபடி, மறுகையிலிருந்த ஊசிக்குழலை, அந்த அம்மாவின் கையில் பொருத்தியிருந்த குழாயோடு இணைத்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்கள்! எனக்கு அந்த ஊசி ஆகாது! முன்பு போட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துப்போனது!"

நர்ஸ் திடுக்கிட்டுத் திரையைப் பார்த்தார். பிறகு கட்டிலில் இருந்தவரைப் பார்த்தார். விரல் ஊசிக்குழலின் தலையில் இருந்தது. மெல்ல எடுத்தார். குழலைக் கழற்றித் தட்டில் வைத்தார்.

"மொழிபெயர்ப்பாளர் பேசுகிறேன்" என்றாள் அவள். சொல்ல வேண்டிய முறைப்படி சொன்னாள். "இணைப்பு அறுந்தபோது நோயாளியின் பதில் பாதியில் நின்றுவிட்டது. முழுவதையும் கேட்டுச் சொல்ல அனுமதி வேண்டும்."

அந்த அம்மா திரையைக் கண்டதும் கையை நீட்டினார். "எங்கம்மா போயிட்டே? நான் சொல்றேன் சொல்றேன், இவங்களுக்குப் புரியவே இல்ல. பயந்தே போயிட்டேன்."

"வந்துட்டேம்மா. இப்ப சொல்லுங்க. மெதுவா, எல்லாத்தையும் சொல்லுங்க."

பல் பிடுங்கியது, முகம் வீங்கியது, அங்கிருந்தவர்கள் வேறோர் ஊசி போட்டு மூச்சை மீட்டது என்று எல்லாவற்றையும் அவர் சொன்னார். அவள் ஒரு சொல் விடாமல் சொன்னாள். டாக்டர் ஓடிவந்தார். ஏதோ இரண்டு கேள்வி கேட்டார். வேறு மருந்து எடுத்துவரச் சொன்னார். நர்ஸ் முதலில் எழுதியதை அடித்துவிட்டுப் பெரிதாக எழுதி, நோயாளியின் மணிக்கட்டில் ஒரு சிவப்பு நாடாவைக் கட்டினார்.

"வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள்" என்றார் நர்ஸ். "அவசரம் வேண்டாம் என்று சொல்லுங்கள்."

"வேற ஏதாவது இருக்காம்மா? நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க. நாங்க இருக்கோம்."

அந்த அம்மா வலியோடு யோசித்தார். "வீட்டுல அடுப்பை அணைச்சேனான்னு தெரியலம்மா. வலி வந்ததும் அப்படியே வந்துட்டேன்."

"வீட்டில் அடுப்பை அணைத்தேனா என்று எனக்குத் தெரியவில்லை" என்று அவள் மொழிபெயர்த்தாள். டாக்டரும் நர்ஸும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நர்ஸ் சிரிக்கவில்லை. "மகனுக்கு நானே போன் செய்து பார்க்கச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள்" என்றார்.

அதைக் கேட்ட பிறகுதான் அந்த அம்மாவின் தோள் தளர்ந்தது.

கட்டிலை உருட்டிக்கொண்டு போனார்கள். கதவு ஆடி நின்றது. நர்ஸ் திரையின் அருகே வந்து, "திரும்பி வந்ததற்கு நன்றி" என்றார். திரை கறுத்தது.

இனி அவளுக்கு எதுவும் தெரியாது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா, அடுப்பு அணைந்திருந்ததா, ஒன்றும் தெரியாது. ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அவ்வளவு நேரம் கட்டிவைத்திருந்த பயம் இப்போதுதான் உடம்பில் இறங்கியது. அந்தத் துடைப்பான்காரர் நிற்காமல் போயிருந்தால்? ஓ என்பதைப் பூஜ்யம் என்றே மறுபடி மறுபடி அடித்துக்கொண்டிருந்திருந்தால்? அந்த நினைப்பை முடிக்க அவளுக்குத் துணிவில்லை. கை கூப்பிக்கொண்டாள். அந்த அம்மாவுக்காக எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பது என்று தெரியவில்லை. கடவுளுக்குத் தெரியும் என்று விட்டுவிட்டாள்.

வெளியே அண்ணியின் குரல் கேட்டது. "தம்பி போன்லயே அழறான். நானே பூட்டிட்டேன், நானே பூட்டிட்டேன்னு. நீங்க தப்பா எடுத்துக்காதீங்க, போன மாசம் அவ பேசினதையும்."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க" என்றது எதிர்வீட்டுக்காரரின் குரல்.

பிறகு கதவில் விரலால் மெல்லத் தட்டும் சத்தம் கேட்டது.

"முடிஞ்சுதாம்மா? நான் உள்ள வரலாமா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, அவருடைய வீட்டுக் கதவை அவருக்குத் திறந்துவிட்டாள்.